கால் இரத்த ஓட்டத்துக்கு 'இன்ஃப்ராரெட்' மெஷின் விற்க வருகிறார்கள், கவனம்

களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் சீனி வருத்தக்காரர் இருக்கிற வீட்டார் தயவுசெய்து வாசியுங்கள்.

"இலவச கால் பரிசோதனை" என்று எங்கள் ஊர் மண்டபத்துக்கு ஒரு குழு வந்தது. கால் விறைப்பு, கொஞ்சம் நடந்தாலே கெண்டைக்கால் பிடிப்பு என்று அவதிப்படும் என் மாமியும் போனார். கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொல்லி, திரையில் சிவப்புக் கோடு காட்டி, "அம்மா, உங்கட காலுக்கு ரத்தம் பாதிதான் போகுது" என்றார்களாம். பாதத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சில நாட்கள் மெஷினுக்குள் காலை வைக்க இலவசமாக விட்டார்கள். இதமாக இருந்தது, தோலும் சிவந்தது. அப்புறம்தான் விலை சொன்னார்கள்: 85,000 ரூபாய். மாமி காப்பை அடகு வைத்து வாங்கினார்.

தோல் சிவப்பதைக் காட்டித்தான் "அடைப்பு திறக்குது" என்கிறார்கள். அந்த மெஷின் விடும் 'இன்ஃப்ராரெட்', அதாவது தூர அகச்சிவப்புக் கதிர் என்பது வெப்பம். அது தோலின் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டு, அங்குள்ள நுண்குழாய்களை விரிக்கும். கொழுப்புப் படிந்து ஒடுங்கிய நாடியை அது திறக்காது. ஆதாரம் என்று அவர்கள் காட்டியது 2007இல் வெளிவந்த ஒரு தாய்வான் ஆய்வு. வாங்கிப் படித்தேன். அது இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளிகளின் இரத்தக்குழாய் இணைப்பு பற்றியது. கால் நாடி அடைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சீனியால் நரம்பு கெட்ட காலுக்குச் சூடு தெரியாது. இரத்தம் குறைந்த காலில் புண் இலேசில் ஆறாது. மாமியின் உள்ளங்காலில் கொப்புளம் வந்தபோது நோகவே இல்லை. போன் எடுத்துக் கேட்டதற்கு, "விஷம் வெளியால வருது, விடாமப் பாவியுங்க" என்றார்கள். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது இந்தப் பதில்தான். அதை நம்பி இன்னும் சில நாள் வைத்திருந்தால் விரலே போயிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் பாதத்தின் மேல் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து ஒப்பிட்டார். கணுக்கால் அளவைக் கை அளவால் பிரித்து 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் நாடி ஒடுங்கியிருக்கிறது என்று அர்த்தம். சீனி உள்ளவர்களுக்கு நாடி இறுகி அளவு கூடவும் காட்டலாம், அப்போது ஸ்கேன் பார்ப்பார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் நடக்கிற பரிசோதனை இது.

காசைத் திருப்பிக் கேட்டோம். பற்றுச்சீட்டில் மெஷின் என்றே இல்லை, "உறுப்பினர் கட்டணம்" என்று இருக்கிறது, விலாசமும் கிடையாது. நோய்க்கென்று விற்கும் சாதனம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இலக்கம் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட்டிருக்கிறோம். மாமிக்குப் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் யாராவது வாங்கியிருந்தால் மெஷினை நிறுத்திவிட்டு உள்ளங்காலைப் பாருங்கள், கொப்புளம் இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அவர்கள் தந்த பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள், முறைப்பாட்டுக்குத் தேவைப்படும்.