நாலு கிலோ தூளும் ஏழு மாசமும்: திருகோணமலை மில் கடை ஒண்டைப் பற்றி

போன ஓகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போய் வரேக்க திருகோணமலை டவுனுக்குள்ள இருக்கிற ஒரு மில் கடையில தூள், இடியப்ப மா, நெத்தலிக் கருவாடு, வடகம் எல்லாம் சொல்லிச் செய்விச்சுக் கொண்டுவந்தனான். வந்த கிழமையே எழுதியிருந்தா ஐஞ்சு ஸ்டார் குத்திப்போட்டுப் போயிருப்பன். ஏழு மாசம் சமைச்சு, கடைசிப் பக்கட்டையும் உடைச்சாப் பிறகு எழுதுறதால நல்லது கெட்டது ரெண்டும் வரும்.

முதல்ல நான் இருக்கிற இடத்தைச் சொல்லோணும், இல்லாட்டி நாலு கிலோ தூளுக்கு ஏன் இந்தப் பாடு எண்டு கேப்பியள். ஜேர்மனியில மக்டபேர்க். டோட்முண்ட், எஸன் பக்கம் இருக்கிற எங்கட ஆக்களுக்கு இது விளங்காது, அவைக்கு வீட்டால இறங்கி நடந்தா தமிழ்க்கடை. எனக்கெண்டா பேர்லினுக்குப் போகோணும், ரெயினில ஒண்டரை மணித்தியாலம், போய் வர அரை நாள் போயிடும். வருசத்தில ஒருக்கா ஹம் எண்ட ஜேர்மன் ஊரில இருக்கிற காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போவம், அங்க வெளியில போட்டிருக்கிற கடையள்ல கண்டதையும் அள்ளிக்கொண்டு வந்து ரெண்டு கிழமையில முடிச்சுப்போட்டு இருப்பம். இஞ்ச டவுனுக்குள்ள வியட்நாம் ஆக்களிண்ட கடை ஒண்டு இருக்கு, பழைய கிழக்கு ஜேர்மனிக் காலத்தில ஒப்பந்த வேலைக்கு வந்து நிண்டுட்ட சனம், நல்ல மனுசர், மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பூ, இறால் எல்லாம் ஐஸில வச்சிருப்பினம். தூளுக்கு அவை என்ன செய்யிறது?

பேர்லின் கடையில "யாழ்ப்பாணக் கறித்தூள்" எண்டு போட்ட பக்கட் வாங்கலாம். கூடாது எண்டு சொல்லமாட்டன், நாலு வருசம் அதிலதான் சீவியம் போச்சு. ஆனா அதில வைக்கிற குழம்பு ஆற்றையோ வீட்டுக் குழம்பு. விருந்துக்குப் போய்ச் சாப்பிடுற மாதிரி இருக்கும், வாய்க்கு நல்லா இருக்கும், ஆனா எங்கட வீட்டில சாப்பிட்ட மாதிரி இராது.

சரி, கடைக்கு வாறன். என்.சி. றோட்டால போய் ஒரு ஒழுங்கைக்குள்ள இறங்கோணும். பேர்ப்பலகை ஒண்டு இருக்கு, ஆனா அந்தப் பேரை ஒருத்தரும் சொல்லுறேல்ல, "மில்லடி" எண்டா ஓட்டோக்காரரே கொண்டுபோய் விடுவினம். ஒரு அக்காவும் அவவிண்ட மனுசனும்தான் நடத்தினம், வறுக்கிறதுக்கு இன்னும் ரெண்டு பேர். நாங்கள் லிஸ்ட் குடுத்தா அந்த அளவுக்கே வறுத்து அரைச்சுத் தருவினம், இதுதான் விசயம். கடைத்தூளும் விக்கினம், அதை நான் வாங்கேல்ல.

அம்மாவுக்கு இது துண்டாப் பிடிக்கேல்ல. "கடையில வறுத்த தூளைக் கொண்டுபோய் என்னத்தைச் சமைக்கப்போறாய், நான் வறுத்துத்தாறன்" எண்டு நிண்டவா, ஆனா முழங்கால் வருத்தத்தோட நாலு கிலோவுக்கு அடுப்படியில நிக்க விடேலுமோ. கடைசியில கலண்டர் தாளுக்குப் பின்பக்கம் அளவு எழுதித் தந்தவா: செத்தல் மிளகாய் ஒரு கிலோவெண்டா மல்லி ஒரு கிலோ, பிறகு பெருஞ்சீரகம், மிளகு, சின்னச்சீரகம், வெந்தயம், மஞ்சள், கருவேப்பிலை எல்லாம் கிராம் கணக்கில. அக்கா அதை வாங்கிப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "தம்பி, அம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்கோ, பெருஞ்சீரகம் வறுத்துப் போடுறவவோ, வெயிலில காயவச்சுப் பச்சையாப் போடுறவவோ?" எனக்கெங்க தெரியும். அங்கயே நிண்டு போன் அடிச்சன். அம்மா ஒரு நிமிசம் பேசாம இருந்துட்டு, "இளஞ்சூட்டில ஒருக்காப் பிரட்டினாக் காணும் எண்டு சொல்லு" எண்டா, பிறகு கொஞ்சம் பணிஞ்ச குரலில, "அவவுக்கு வேலை தெரியும் போல கிடக்கு." எங்கட அம்மா ஒருத்தரைப் புகழ்ந்ததெண்டா இதுதான் உச்சம்.

வறுக்கிறதை நிண்டு பாத்தனான். ஒவ்வொண்டும் தனித்தனியத்தான், எல்லாத்தையும் ஒரு தாச்சியில கொட்டிக் கிளறுற வேலை இல்லை. மிளகாயைக் காம்பு நுள்ளி ரெண்டு நாள் பாயில காயவச்சுப்போட்டுத்தான் அடுப்புக்குக் கொண்டுபோகினம், அதால கருகாம மொறுமொறுப்பா வருது. வெந்தயத்துக்குத்தான் அக்கா தானே வந்து நிண்டவா, ஒரு சொட்டுக் கூட வறுபட்டாலும் முழுத்தூளும் கைக்குமாம். அண்ணை அரைக்கிறதுக்கு ரெண்டு மெசின் வச்சிருக்கிறார், ஒண்டு தூளுக்கு, மற்றது மாவுக்கு. சில மில்லுகளில ஒண்டுதான் இருக்கும், உங்களுக்கு முன்னம் ஒருத்தர் மிளகாய் அரைச்சிட்டுப் போயிருந்தா அடுத்தநாள் காலமைப் புட்டு உறைக்கும், அனுபவப்பட்டவைக்கு விளங்கும்.

மெசினால வரேக்க தூள் கைவைக்கேலாத சூடு. அதை அப்பிடியே கட்டினா உள்ளுக்கு வேர்த்துக் கட்டிபட்டு, ரெண்டு மாசத்தில பூசணம் பிடிக்கும். இவை வெள்ளைத் துணியில பரவி இரவு முழுக்க ஆறவிட்டு அடுத்தநாள்தான் பக் பண்ணினவை. நான் அவசரப்பட்டு "இண்டைக்கே தாங்கோ" எண்டு கேட்டதுக்கு அண்ணை சிரிச்சுக்கொண்டு "வெளிநாட்டில இருந்து வந்தா எல்லாருக்கும் பஸ் போற மாதிரித்தான்" எண்டார். சரிதான், ஆனா ஓகஸ்டில எல்லா வெளிநாட்டுக்காரரும் ஒண்டா வந்து நிக்கினம், நாலு நாள் காத்திருந்தன். ஊருக்குப் போய் இறங்கினவுடன லிஸ்டைக் குடுத்திடுங்கோ, போற நாளுக்கு முதல் நாள் போய் நிக்காதேங்கோ.

இப்ப குறை. பக்கிங்தான். வாக்குவம் மெசின் இருக்கு, ஆனா தூள் நுணுக்கமா இருக்கிறதால காத்தை உறிஞ்சேக்க தூளும் சேந்து வாய்ப்பக்கம் வந்து ஒட்டுது, அதுக்கு மேல சீல் அடிச்சா சரியாப் பிடிக்காது. எட்டு அரைக்கிலோப் பக்கட்டில ஒண்டு டோஹாவில பிளேன் மாறி பேர்லின் வந்து சேர முதலே காத்து இழுத்து, சூட்கேஸுக்குள்ள வெடிச்சிருக்கு. மனுசியிண்ட கம்பளிக் கோட்டு இப்பவும் எடுத்து உதறினா தும்மல் வரும். அக்காவுக்குச் சொன்னன், "ஐயோ தம்பி" எண்டு கவலைப்பட்டு அடுத்தமுறை ரெட்டைப் பையில போட்டுத்தாறன் எண்டவா, பாப்பம். நீங்கள் போறதெண்டா ஸிப் பை பத்து கையோட கொண்டுபோங்கோ. ஒரு ஸ்டார் இதில வெட்டு.

நெத்தலி நல்ல காய்ச்சல், மண் இல்லை, உப்பும் அளவு. மூண்டு பைக்குள்ள போட்டும் மணம் மணம்தான், அது கடையிண்ட பிழை இல்லை. வடகம் மட்டும் சரியான உப்பு, திரும்ப வாங்கமாட்டன்.

கொண்டுவாறதைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும், ஏனெண்டா அக்கா அன்பில ஒரு கட்டுக் கருவேப்பிலைக் கொப்பும் பைக்குள்ள வைக்கப் பாத்தவா. வேண்டாம் எண்டன், முகம் சுருங்கிப் போச்சு, "எல்லாரும் கொண்டுபோகினம்தானே." கொண்டுபோகினம், பிடிபடாட்டிச் சரி. ஆனா 2019 டிசம்பரில இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள பச்சை இலை, பழம், மரக்கறி எதைக் கொண்டுவந்தாலும் நோய் இல்லையெண்ட சேட்டிபிக்கட் கேப்பாங்கள், அதில்லாம விடுறது ஐஞ்சு பழத்தை மட்டும்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், டூரியன். டூரியனை ஆர் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறப்போறானோ தெரியாது, ஆனா கருவேப்பிலைக்கு இடமில்லை! இறைச்சி, பால் சாமான் துண்டா ஏலாது, அதால தம்பலகாமத்து எருமைத்தயிரை அங்கயே சட்டியோட இருந்து சாப்பிட்டு முடிச்சிட்டு வாறதுதான் வழி. மீன், கருவாடு இருவது கிலோ வரைக்கும் பிரச்சினை இல்லை. இதெல்லாம் சொல்ல அக்கா அந்தக் கொப்பை உருவி இலையை வறுத்துத் தூளுக்குள்ளயே கூடச் சேத்துவிட்டா. நல்லாத்தான் இருந்தது.

மா எனக்கு அதிசயம். சிவப்புப் பச்சை அரிசி ஊறப்போட்டு அரைச்சு, அரிச்சு, ஆவி அடங்கிறமட்டும் வறுத்த மா. பேர்லின் பக்கட் மாவில இடியப்பம் பிழியிறதெண்டா எனக்கு உரலோட மல்யுத்தம், இது கொதிதண்ணியை ஊத்திக் குழைச்ச உடன நூல் மாதிரி இறங்குது. மகளுக்கு எட்டு வயசு, அவளே பிழியிறாள். ஆறாம் மாசத்திலயும் பூச்சி இல்லை, காறின மணமும் இல்லை.

தூளில முதல் வைச்சது மீன்குழம்பு. பாரைக்கும் அறக்குளாவுக்கும் இஞ்ச எங்க போறது, றோட்பார்ஷ் எண்டு விக்கிற மீன்தான், பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு இறக்கினன். மூடியைத் திறந்த உடன எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு, அதை விடுவம். மனுசி யாழ்ப்பாணத்து வடமராட்சிப் பக்கம். ஒரு வாய் வச்சுப்போட்டுச் சொன்னா, "நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்கட ஊர் ஆக்கள் பெருஞ்சீரகத்தை அள்ளிக் கொட்டுறியள்." அண்டைக்குத் தொடங்கின வழக்கு இன்னும் முடியேல்ல.

விலை, என்னட்டக் கேட்டது கிலோவுக்கு ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைய. வெளிநாட்டுக்காரர் எண்டு கூட்டிச் சொல்லேல்ல, பக்கத்தில நிண்ட உவர்மலை அன்ரிக்கும் அதே விலைதான். காட் எடுக்கமாட்டினம், காசு கொண்டுபோங்கோ. மாரிக்கு, நவம்பரில இருந்து ஜனவரி மட்டும், வெயில் இல்லாததால கனக்கச் செய்யிறேல்ல எண்டு அவையே சொல்லுவினம், அந்த நேரம் போறவை வற்புறுத்தாதேங்கோ.

மச்சான் மே மாசம் ஊருக்குப் போறான், வரேக்க ஆறு கிலோ கொண்டுவரச் சொல்லிக் கிடக்கு. அக்காவுக்கு வட்ஸப்பில அதே லிஸ்டை அனுப்ப, அவ வொய்ஸ் ஒண்டு போட்டிருக்கிறா: "தம்பி, பெருஞ்சீரகம் அம்மாட அளவோ, இல்லாட்டி வீட்டில தங்கச்சி சொன்ன மாதிரிக் குறைக்கிறதோ?" மனுசி பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறா. ரெண்டு நாளாச்சு, நான் இன்னும் பதில் போடேல்ல.