வருஷச் செலவுக்குப் பணம் சேர்க்க எது தேவலை: ஆர்.டி.யா, சீட்டா, தீபாவளி ஃபண்டா?

மாதம் 20,000 ரூபாயில் ஓடும் வீடு அன்றாடச் செலவில் கவிழ்வது குறைவு. ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. மாதச் செலவை இழுத்துப் பிடிக்கத் தெரியாத குடும்பத்தலைவியைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வண்டி சிக்குவது வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை மொத்தமாக வந்து நிற்கும் செலவுகளில். ஜூனில் பள்ளி திறப்பு, ஐப்பசியில் தீபாவளி, வீட்டு வரி, பைக் இன்ஷூரன்ஸ், குலதெய்வம் கோயில் திருவிழா, நடுவில் யார் வீட்டிலாவது காதுகுத்து, கல்யாணம்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 15,000, தீபாவளிக்கு 9,000, வீட்டு வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்து 4,000, மொய், சீர், திருவிழாவுக்கு 8,000. ஆக 36,000. வருஷ வருமானம் 2,40,000-இல் இது 15 சதவீதம். மாதம் 3,000 ஒதுக்கினால் சரியாகிவிடும். அந்த 3,000-ஐ எங்கே போட்டுவைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. அத்தை நகைச்சீட்டு என்பார், பக்கத்து வீட்டு அக்கா தீபாவளி ஃபண்ட் பிடிப்பார், மாமா ஏலச்சீட்டில் ஊறியவர், படித்த பிள்ளை ஆர்.டி. என்று, அதாவது வங்கியிலோ தபால் ஆபீஸிலோ மாதாமாதம் ஒரே தொகையைக் கட்டி முடிவில் வட்டியோடு வாங்குவது என்று, சொல்லும்.

இவர்கள் எல்லாரும் பேசுவது எதில் கூடுதலாகக் கிடைக்கும் என்பதைப் பற்றி. அதை முதலில் ஒரு வழி பண்ணிவிடலாம். மாதம் 3,000 வீதம் 12 மாதம் கட்டினால், 6.5 சதவீத வட்டியில் வருஷக் கடைசியில் கிடைக்கும் வட்டி சுமார் 1,270 ரூபாய். இதே பணத்துக்கு 4 சதவீதம் என்றால் 780. வித்தியாசம் 500 ரூபாய்க்குள்தான். ஆனால் சேர்க்காமல் விட்டு, ஜூனில் அந்தப் பதினைந்தாயிரத்தை மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 450 ரூபாய் வட்டி. அசலைத் தொடாமல் பத்து மாதம் வட்டி மட்டும் கட்டினால் 4,500. சேர்த்த இடமே ஓடிப்போனால் போவது 36,000. ஆக, நம்மைப் போன்ற வீட்டுக்கு வட்டி விகிதம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். போட்ட பணம் திரும்பி வருமா, வேண்டிய தேதியில் வருமா, நடுவில் நானே எடுத்துச் செலவு பண்ணிவிடாமல் அது தடுக்குமா என்பவைதான் முன்னால் வரவேண்டியவை. கீழே உள்ள எல்லாவற்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

தீபாவளி ஃபண்டிலிருந்து தொடங்கலாம், அதைத்தான் படித்தவர்கள் ரொம்பவும் கேலி பேசுகிறார்கள். மாதம் 500 வீதம் வருஷம் முழுக்கக் கட்டினால் தீபாவளிக்கு முந்தைய வாரம் எண்ணெய், சர்க்கரை, மைதா, பருப்பு, நெய், ஸ்வீட் பெட்டி, பட்டாசு, ஒரு எவர்சில்வர் பாத்திரம், சில இடங்களில் ஒரு சின்ன வெள்ளிக்காசு. கட்டுவது 6,000. இதில் விட்டுப்போகும் வட்டி சுமார் 210 ரூபாய். கேலி பேச அதில் ஒன்றும் இல்லை, அந்தத் தொகைக்கு வீடு தேடி வந்து வசூலித்து, மூட்டையைக் கட்டிக் கையில் கொடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது பட்டியலை. அதில் உள்ள சாமான்களை, பாக்கெட்டில் அச்சடித்த விலையை விட்டுவிட்டு, நீங்கள் வழக்கமாக வாங்கும் மளிகைக் கடையில் விலை போட்டுப் பாருங்கள். ரேஷனில் 25 ரூபாய்க்கு வரும் பாமாயிலை அங்கே கடை விலையில் தலையில் கட்டியிருப்பார்கள். கேள்விப்படாத பெயரில் ஒரு நெய், யாரும் குடிக்காத ஒரு சர்பத் பாட்டில் இருக்கும். இந்த இரண்டிலேயே 210 ரூபாயை விடக் கூடுதலாகப் போய்விடும்.

பெரிய ஆபத்து வேறு. ஃபண்ட் நடத்துகிறவர் பதிவு செய்த நிறுவனம் கிடையாது. தெருவில் இருபது பேரிடம் வாங்கி, தானே மொத்தக் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வரை பிரச்சினை வருவது அபூர்வம். அவரே ஏஜென்ட் வைத்து, அந்த ஏஜென்ட் இன்னொரு ஊரில் ஆள் சேர்த்து, ஐயாயிரம் கட்டினால் தங்கக்காசு என்று நோட்டீஸ் அடிக்கும்போதுதான் கவனிக்க வேண்டும். போட்ட பணத்துக்கு மேல் அள்ளிக் கொடுப்பதாகச் சொல்கிறவர் அதை அடுத்தவர் கட்டும் பணத்திலிருந்துதான் எடுக்க முடியும். 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 2019-இல் வந்த மத்தியச் சட்டமும் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், சொத்தை முடக்குவார்கள், ஏலம் விட்டு ஏதோ திரும்பி வரும். ஆனால் அது அந்தத் தீபாவளிக்கு வராது.

ஏலச்சீட்டுக்கு வருவோம். இங்கேதான் நிறைய பேர் கணக்கில் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மாதாமாதம் சேரும் பணத்தை ஏலம் விடுவார்கள், அதில் யார் கூடுதலாகத் தள்ளுகிறாரோ, அதாவது விட்டுக்கொடுக்கிறாரோ, அவர் அந்த மாதம் எடுத்துக்கொள்வார். இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுத் தொகை 20,000, நடத்துகிறவர் கமிஷன் மாதம் 1,000. முதல் மாதம் அவசரத்தில் இருப்பவர் 6,000 தள்ளிக் கேட்டு 14,000-க்கு எடுக்கிறார். தள்ளிய ஆறாயிரத்தில் கமிஷன் போக மீதி 5,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 250 வீதம் கழிவாகிறது. அதனால் அந்த மாதம் கட்ட வேண்டியது 750. போகப் போகத் தள்ளுவது குறையும், கட்டுவது கூடும், கடைசி மாதம் முழு ஆயிரம். இப்படிச் சீராகக் குறைந்தால் ஒருவர் மொத்தமாகக் கட்டுவது 17,500.

கடைசி வரை காத்திருந்தவர் கையில் 19,000 வாங்குகிறார். 1,500 லாபம், வருஷ வட்டியாகப் பார்த்தால் 11 சதவீதத்தை ஒட்டி வரும். எந்த வங்கி ஆர்.டி.யும் இதைத் தராது. ஆனால் முதல் மாதம் எடுத்தவர் 14,000 வாங்கி 17,500 கட்டுகிறார். அது நூற்றுக்கு மாதம் இரண்டேகால் ரூபாய்க்கு மேல் வட்டி கொடுத்த மாதிரி. தெருவில் ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்கியவரை விட அவர் கூடுதலாகக் கொடுக்கிறார், ஆனால் ‘சீட்டு எடுத்திருக்கேன்’ என்று சொல்லிக்கொள்வதால் கடன் மாதிரித் தெரிவதில்லை. பள்ளி திறக்கும் ஜூனில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும், தள்ளும் தொகை அந்த மாதம்தான் எகிறும். வருஷச் செலவுக்காகச் சீட்டுப் போடுகிறவர் சரியாக அந்த மாதத்தில்தான் எடுக்கப் பார்ப்பார். தேதி குறித்த செலவுக்கு ஏலச்சீட்டு பொருந்தாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். தேதி இல்லாத பெரிய செலவுக்கு, கடைசிச் சீட்டு வரை பொறுக்க முடிந்தவருக்கு, அது நல்ல சேமிப்பு.

அதிலும் பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி ஒவ்வொரு குழுவுக்கும் பதிவாளரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், நடத்துகிறவர் ஈடு கட்ட வேண்டும். கமிஷன் உச்சவரம்பை 2019 திருத்தம் 5-லிருந்து 7 சதவீதமாக்கியது. அந்தக் கமிஷன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஆகவே பதிவு செய்த சீட்டில் லாபம் கொஞ்சம் மெலியும். ஆபீஸில் பத்துப் பேர் கமிஷனே இல்லாமல் நடத்தும் குலுக்குச் சீட்டில் வட்டியும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒருத்தர் வேலையை விட்டுப் போனால் மட்டும் தலைவலி.

நகைச்சீட்டு பற்றிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை, ஆனால் அது வருஷச் செலவுக்கான சேமிப்பு கிடையாது. பதினொரு மாதம் கட்டினால் நகையாகத்தான் எடுக்க முடியும், பள்ளிக் கட்டணத்தை ஜிமிக்கியாகக் கட்ட முடியாது. பதினொரு மாதம் என்பதற்கும் காரணம் உண்டு. 2014-இல் வந்த கம்பெனி டெபாசிட் விதிகளின்படி, பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது டெபாசிட் ஆகிவிடும். பெண்ணுக்கு எப்படியும் ஒரு கிராம் இரண்டு கிராம் சேர்க்கத்தான் போகிறோம் என்றால், கட்டும் தேதி விலையில் எடையாக வரவு வைக்கும் திட்டத்தைப் பாருங்கள், பணமாக வரவு வைப்பதைத் தவிருங்கள். சேதாரம் இல்லை என்பார்கள், எத்தனை சதவீதம் வரை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 3 சதவீத ஜி.எஸ்.டி. எப்படியும் நம் தலையில்தான். ஒன்று மட்டும் இதற்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் மனைவி பெயரில் உள்ள வங்கிப் பணத்தைக் கணவன் ‘அவசரம்’ என்று எடுத்துவிடுவார், நகைச்சீட்டைத் தொட முடியாது. அந்தப் பூட்டுக்காகவே பெண்கள் அதில் போடுகிறார்கள் என்றால் அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அரிசிப் பானை, கடுகு டப்பா? 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது எத்தனை வீட்டில் எந்தெந்த டப்பா வெளியே வந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேமிப்பு என்பதை விடக் கடன் வாசல் என்று பார்ப்பது நல்லது. 1989-இல் தருமபுரியில் தொடங்கியது இன்றைக்கு எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. மாதம் நூறு, இருநூறு கட்டுவது நினைத்த நேரத்தில் திரும்பி வராது, ஆனால் ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் வட்டியில் குழுவுக்குள்ளேயே கடன் கிடைக்கும். சேமித்தது பத்தாமல் போகும் வருஷத்துக்கு இது கைகொடுக்கும். கையில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கி நகைக்கடனும் அப்படியே. மூணு வட்டிக்காரரிடம் போவதற்கு முன் இந்த இரண்டு வாசலையும் தட்டிவிடுங்கள்.

மீதி இருப்பது ஆர்.டி. இதில் தபால் ஆபீஸா வங்கியா என்று கேட்டால், நம் வேலைக்கு வங்கிதான். தபால் ஆபீஸ் ஆர்.டி. ஐந்து வருஷம். 2023 அக்டோபரில் வைத்த 6.7 சதவீதக் கணக்கில் மாதம் ஆயிரம் போட்டால் முடிவில் 71,000 சொச்சம் வரும். அரசு உத்தரவாதம் உண்டு, முகவர் வீட்டுக்கே வந்து வாங்கிப் போவார், அவர் கமிஷனை அரசு கொடுத்துவிடும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் மூட முடியாது, அதற்குப் பிறகு நடுவில் மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான். பெண்ணின் கல்லூரிக்கு அது அருமை, வருகிற ஜூனுக்கு உதவாது. வங்கியில் 12 மாத ஆர்.டி. கிடைக்கும், நூறு ரூபாயிலிருந்தே தொடங்கலாம். நடுவில் உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்களே தவிர அசல் போகாது. 2020 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடும் உண்டு. இதன் குறை ஒன்றுதான், உடைப்பது ரொம்பச் சுலபம். போனில் நாலு தட்டுத் தட்டினால் போதும். மனசு நிற்காது என்று தெரிந்தவர்கள் மொபைல் ஆப் இல்லாத இன்னொரு வங்கிக் கணக்கில் ஆரம்பிக்கலாம், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும் என்றாலே பாதி ஆசை அடங்கிவிடும்.

ஆக, என் கையில் அந்த 3,000 இருந்தால் இப்படிப் பிரிப்பேன். பள்ளிக்கு மாதம் 1,250, மே மாதக் கடைசியில் முடிகிற மாதிரி ஒரு வங்கி ஆர்.டி. தீபாவளிக்கு மாதம் 750. அதில் 500 அக்டோபர் தொடக்கத்தில் முடியும் இன்னொரு ஆர்.டி.யில், 250 மட்டும் நன்றாகத் தெரிந்த அக்காவின் மளிகை ஃபண்டில், அதுவும் ஏஜென்ட் இல்லாத ஃபண்டாக இருந்தால். வருஷத்துக்கு 3,000 போனாலும் அழுதுவிட்டு எழுந்துகொள்ளலாம், 9,000 போனால் முடியாது. மொய்க்கும் திருவிழாவுக்கும் தேதி நம் கையில் இல்லை, அந்த 665-ஐப் பூட்டி வைக்க முடியாது. தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடலாம். 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும், 4 சதவீதம் வட்டி, பக்கத்துத் தெருவில் ஆபீஸ்.

வரி, இன்ஷூரன்ஸ் பணம் 335 மட்டும் தனிக்கதை. நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் வீட்டு வரியை அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டிவிட்டால் 5 சதவீதம் கழித்துக்கொள்கிறார்கள். வரி ஆயிரம் ரூபாய் என்றால் ஐம்பது ரூபாய். ஒரு மாதம் முன்னால் கட்டியதற்கு 5 சதவீதம் என்பது எந்த ஆர்.டி.யிலும் கிடைக்காதது. அதனால் இந்தப் பணத்தையும் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருந்து, ஏப்ரல் பிறந்ததும் முதல் வேலையாக வரியைக் கட்டிவிடுவேன்.

ஆர்.டி.க்குப் பணம் பிடிக்கும் தேதியை வங்கி சொல்வதற்கு விடாதீர்கள். சம்பளம் ஏழாம் தேதி வந்தால் எட்டாம் தேதி. கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 15-ஆம் தேதி வாக்கில் ஏறும் கணக்கு என்றால், பள்ளி ஆர்.டி.யை அதே கணக்கில் 16-ஆம் தேதிக்கு வைத்துக்கொண்டால் மேற்கொண்டு 250 மட்டும் போட்டு வைத்தால் போதும்.