நாயோடு தனுஷ்கோடி போக டெம்போ டிராவலர் கேரவன் தாங்குமா?

மதுரையில் நாள் வாடகைக்குக் கிடைக்கும் டெம்போ டிராவலர் கேரவனை ராமநாதபுரம் கரைக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டால், எங்கள் பதில்: போகலாம், ஆனால் ஜெனரேட்டர் பொருத்திய வண்டியாக இருக்க வேண்டும். நாய் இல்லாமல் போகிறவர்களுக்கு இது வசதி. நாயோடு போகிறவர்களுக்கு உயிர்க் காரியம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கூரை ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,200 வாட் இழுக்கும். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 12 வோல்ட், 200 ஏஎச் (ஆம்பியர் மணி) லெட் ஆசிட் பேட்டரி. அதில் முழு சார்ஜில் 2,400 வாட் மணி நேரம்தான் இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும். ஆக, ஏசி ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். "இன்வெர்ட்டர்லயே ஏசி ஓடும் சார்" என்று வண்டிக்காரர்கள் சொல்வது பொய்யில்லை, எவ்வளவு நேரம் என்பதைத்தான் சொல்லமாட்டார்கள். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து வெளியே வரக் கூட்ட நாளில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். ஏசி நின்றுவிட்டால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் சூடு பத்து டிகிரி ஏறும். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்கும்; உள்ளே அனல் அடித்தால் அதுவும் பலிக்காது. ஒருவர் வண்டியிலேயே இருங்கள், முறை வைத்துக் கோயிலுக்குப் போங்கள்.

ஜெனரேட்டர் உள்ள வண்டியிலும் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, காற்று புகையை ஜன்னலை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும்படி நிறுத்த வேண்டும். லாட்ஜ் வாசலில் 15 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் ஸ்டெபிலைசர் அவசியம். இரவில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் கம்ப்ரசர் கிளம்பாமல் முனகும்.

உள்ளே இரண்டு சிப்பிப்பாறை நாய்கள் தாராளமாகப் படுக்கலாம். ராஜபாளையம் என்றால் ஒன்று போதும். வினைல் தரையில் நகம் வழுக்குகிறது. ரப்பர் பாய் கொண்டு போங்கள்.

தண்ணீர் டேங்க் 100 லிட்டர். கரையோர போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை நிரப்பினால் குழாயெல்லாம் உப்புப் படியும். மதுரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நாய்க்குக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் வேண்டும். 20 கிலோ நாய்க்கு அது ஒரு லிட்டர் சொச்சம். கோடையில் இரண்டு மடங்கு வையுங்கள். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும்தான்.

பாம்பன் பாலத்தில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் இந்த உயரமான வண்டி பக்கவாட்டில் தள்ளும். மெதுவாகப் போங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். பொழுது சாய்ந்தபின் தனுஷ்கோடிக்குள் விடமாட்டார்கள். இரவு அங்கே தங்கவும் முடியாது. தார் ரோட்டை விட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் மூன்று டன்னுக்கு மேல் உள்ள வண்டி மணலில் புதையும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் ஆழமாகப் போகும். டயருக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் வாரி, பனை மட்டையை அடியில் கொடுத்து, பின் டயர்களில் மூன்றில் ஒரு பங்கு காற்றை இறக்கி, முதல் கியரில் மெல்ல எடுக்க வேண்டும். ரோடு ஏறியதும் திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன பம்ப் கையில் இருக்கட்டும்.

குளிக்க வைப்பதென்றால் உச்சிப்புளிப் பக்கம் அரியமான். பாக் நீரிணைப் பக்கம் ஆழமில்லாத அமைதியான கடல். தனுஷ்கோடியில் இதைத்தான் பெண் கடல் என்பார்கள். எதிர்ப்பக்கம், மன்னார் வளைகுடாவில் இருக்கும் ஆண் கடலில் நாயை இறக்காதீர்கள், இழுப்பு அதிகம். அக்னி தீர்த்தத்தில் ஜனங்கள் திதி கொடுக்கிறார்கள். அங்கே நாயோடு நிற்பது சரியில்லை.

கரையில் உண்மையான ஆபத்து பேத்தை மீன். வலையில் விழுந்ததை விலைபோகாது என்று மணலிலேயே வீசிவிடுவார்கள். உள்ளங்கை அகலம், வெளுத்து உப்பிய வயிறு. இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் தோல் பலூன் போல் விறைத்து, காலில் பட்டால் உருளும். நாய்க்கு அது பந்து. அதிலுள்ள டெட்ரோடாக்சின் என்ற நஞ்சு காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. மாற்று மருந்தும் கிடையாது. கால் தள்ளாடி, கடைசியில் மூச்சு நிற்கும். டாக்டரைத் தேடி ஓடுவதென்றால், தனுஷ்கோடி ரோடு முடியும் அரிச்சல்முனையிலிருந்து ராமநாதபுரம் டவுன் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். ஆகவே வலை காயும் கரையில் கயிறு கையை விட்டுப் போகக்கூடாது. கண்டதை வாயில் வைக்கும் நாய்க்குக் கூடை வடிவ வாய்க்கவசம் போடுங்கள்.

கரைக்குப் பின்னால் சீமைக் கருவேலக் காடு. முள் ஏறினால் குத்திய சாய்விலேயே இடுக்கியால் இழுங்கள். நிமிர்த்தி இழுத்தால் முனை ஒடிந்து உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். போவிடோன் அயோடின் ஒரு பாட்டில் வண்டியில் கட்டாயம்.

வண்டியை எடுக்கும்போதே மெத்தை, சீட், தரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்; நாய் முடி, மணல் என்று முன்பணத்தில் பிடிப்பது இந்தத் தொழிலில் சகஜம். திருப்பிக் கொடுக்குமுன் ராமநாதபுரத்திலேயே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் கழுவச் சொல்லி, ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.