கைவேலை செய்பவர்களே, ‘ஃபாலோவர்ஸ் பேக்கேஜ்’ வாங்கும் முன் படியுங்கள்

வீட்டிலிருந்தே ஆரி வேலை, பட்டு நூல் வளையல், துணிப் பொம்மை என்று செய்பவர்களைத் தேடிப் பிடித்து, “உங்க பக்கத்துக்கு ஆள் சேர்த்துத் தருகிறேன்” என்று ஒருவர் சுற்றிக்கொண்டிருக்கிறார். என்னிடம் 480 வெள்ளி வாங்கினார். பெயர் போடவில்லை. பேச்சை வைத்தே அடையாளம் தெரியும்.

நான் சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்தில் ஆரி வகுப்பு எடுக்கிறேன், ரவிக்கை ஆர்டரும் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் என்னைப் பின்தொடர்ந்தவர்கள் எண்ணூறு சொச்சம். குறைவுதான், ஆனால் தேக்கா கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் நின்று பேசுகிறவர்கள் அவர்களில் நிறைய. சமூக மன்ற விழா ஒன்றில் இந்தத் தம்பி அறிமுகமானார். “மூணே மாசம், பத்தாயிரம் பேர், எல்லாரும் சிங்கப்பூர்த் தமிழர்கள்தான் அக்கா” என்றார். விளம்பரம் ஏற்ற வேண்டும் என்று பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொண்டார். பணத்தை பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக அவருடைய கைப்பேசி எண்ணுக்கே அனுப்பச் சொன்னார்.

எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பின்தொடர்பவர்களின் விவரத்தைக் காட்டும் ‘இன்சைட்ஸ்’ பகுதியில் ஊர் வாரியாகப் பார்த்தால், முதல் வரிசையில் சிங்கப்பூரே இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்கள், முகப்படம் கிடையாது, ஒரு பதிவும் கிடையாது. சங்கிலித் தையல் தவறினால் துணி கிழியாமல் பிரிப்பது எப்படி என்று காட்டிய வீடியோவுக்குக் கீழே “சாப்பாடு சூப்பர்” என்று ஒருவர் பாராட்டியிருந்தார்.

இதோடு போயிருந்தால் காசு போச்சு என்று விட்டிருப்பேன். யார் பார்க்கிறார்கள், யார் சேமிக்கிறார்கள், யார் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு வீடியோவை மேற்கொண்டு யாருக்குக் காட்டுவது என்று இன்ஸ்டாகிராம் முடிவு செய்கிறது. ஆயிரக்கணக்கான போலிகள் எதையும் பார்ப்பதில்லை. அதனால் என் வீடியோ உண்மையான ஆட்களுக்கும் போய்ச் சேரவில்லை. “என்னக்கா, வீடியோ போடுறதையே நிறுத்திட்டீங்களா?” என்று என் பழைய மாணவிகள் கேட்கத் தொடங்கினார்கள். நான் நிறுத்தவே இல்லை! போதாததற்கு, நான் கேள்விப்பட்டிராத ஒரு துணிக்கடைக்கு விளம்பரம் செய்து என் பெயரிலேயே அந்த மாணவிகளுக்குச் செய்தி போயிருக்கிறது. பாஸ்வேர்டு எதற்கு உதவியது என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. இதில் அதிசயமில்லை. போலி விருப்பங்களையும் பின்தொடர்தல்களையும் நீக்கப்போவதாக இன்ஸ்டாகிராம் 2018 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது. அதற்கும் அவர் ‘பராமரிப்புக் கட்டணம்’ கேட்டார். பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றேன்.

“நம்பர் வந்துச்சா இல்லையாக்கா?”

“சிங்கப்பூர் ஆளுங்கன்னு சொன்னீங்களே தம்பி?”

“டார்கெட் பண்றோம்னுதான் சொன்னேன்.”

அதற்குப் பிறகு பதில் இல்லை.

எங்கே புகார் செய்வது? பயனீட்டாளர் சங்கம் வாடிக்கையாளர்களுக்கானது, தொழிலுக்காக வாங்கிய சேவை அதில் அடங்காது. சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் யார்மீது என்று பதிவது? அவர் கொடுத்த ரசீதில் நிறுவனப் பதிவு எண் இல்லை, முகவரியும் இல்லை. காசு கொடுக்கும் முன் அந்த எண்ணைக் கேட்டு, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ரா அமைப்பின் பிஸ்ஃபைல் தளத்தில் போட்டுப் பாருங்கள். பேநவ் அந்த எண்ணுக்கே போகட்டும். தனி ஆளின் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னால் வேண்டாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

கணக்கு ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலில் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். எந்தெந்தக் கருவியில் உள்நுழைந்திருக்கிறது என்று பார்த்துத் தெரியாததை வெளியேற்றுங்கள். போலிகளை நான் ஒவ்வொன்றாக நீக்கினேன். எரிச்சலான வேலை. டிவி பார்த்துக்கொண்டே முடித்தேன்.

உண்மையில் எனக்கு ஆள் சேர்த்த வீடியோ ஒன்று உண்டு. பட்டர் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, சாக்பீஸ் தூளை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்து டிசைனைத் துணியில் இறக்குவதைக் காட்டியது. அழகான ரவிக்கைப் படத்துக்கு ஒரு இதயம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த வீடியோவையோ சேமித்து வைத்து, தூள் கலைந்தால் என்ன செய்வது என்று கேட்டுத் திரும்பி வந்தார்கள். வேலைப்பாட்டின் பின்பக்கத்தைக் காட்டினாலும் அப்படித்தான். நூல் எப்படி முடிகிறது என்பது முன்பக்கத்தில் தெரியாதே. கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொன்னவர்கள் பக்கத்தில்தான் நானும் தங்குகிறேன்.

யாராவது பேக்கேஜ் சொன்னால், ஏற்கெனவே செய்துகொடுத்த ஒரு பக்கத்தின் இன்சைட்ஸை உங்கள் எதிரிலேயே திறந்து, ஊர்ப் பட்டியலையும் சேமிப்பு எண்ணிக்கையையும் காட்டச் சொல்லுங்கள். இதே தம்பியிடம் என் தோழி கேட்டிருக்கிறாள். அவசர வேலை என்று போனை வைத்துவிட்டாராம். போன வாரம் வேறொரு கடைப் பெயரில் 380 வெள்ளிக்கு ‘தீபாவளி ஸ்பெஷல்’ என்று என் மாணவிக்குச் செய்தி வந்திருக்கிறது. எனக்கு வந்த அதே வாசகம், எழுத்துப்பிழைகூட மாறவில்லை.