திருகினால் பவர் மாறும் கண்ணாடி: ஒரு ஸ்டூடியோக்காரரின் அனுபவம்

கல்முனையில் ஸ்டூடியோ நடத்தும் எனக்கு மூன்று தூரங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்: கையில் இருக்கும் கமரா, மேசைக் கணினி, மண்டபத்தின் மறுகோடி மணவறை. வெள்ளெழுத்து வந்தபின் மணவறை மட்டுமே மிஞ்சியது. அந்த நேரத்தில்தான் லண்டன் மச்சான் இந்தக் கண்ணாடியைக் கொண்டுவந்து தந்தார். சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன்.

ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். ஓரத்துத் திருகைச் சுற்றினால் அவை பக்கவாட்டில் நகர்ந்து பவர் ஏறும், இறங்கும். ஸூம் லென்ஸில் வில்லைகள் முன்னும் பின்னும் ஓடுவதையே பார்த்துப் பழகிய எனக்கு இது புதுமை. அமெரிக்க இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ் 1967 இல் காப்புரிமை பெற்ற வழி இது. மறு ஆண்டே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது; ஆனால் அது அணுத்துகள் ஆய்வுக்கு. ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஜோஷுவா சில்வர் செய்த கண்ணாடி வேறு வகை: சவ்வுக்குள் சிலிக்கோன் எண்ணெயை ஏற்றி வில்லையையே உப்பச் செய்வது.

கண்ணுக்கு அளவு வைக்க, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, பிளஸ் பவர் கூடிய பக்கத்திலிருந்து மெல்லக் குறைத்து வாருங்கள். எழுத்து முதலில் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். மறுபக்கத்திலிருந்து தொடங்கினால் கண் தானே முக்கித் தெளிவாக்கி ஏமாற்றிவிடும்.

மேசை வேலைக்கு அருமை. லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும், கணினியில் முகங்களைத் திருத்தவும் ஒரே கண்ணாடி போதும். ஆனால் ஓரப் பார்வை மோசம். தலையைத் திருப்பாமல் பார்த்தால் அல்பத்தின் நேர்விளிம்பு வளைகிறது. மோட்டார் சைக்கிளில் போட்டுக்கொண்டு போகவே கூடாது. தகடுகளுக்கு நடுவே தூசி புகுந்தால் துணி எட்டாது, ஊதுபந்துதான். சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாத குறைக்குக் கொடுப்பது) உள்ளவர்கள் வாங்க வேண்டாம், எவ்வளவு திருகினாலும் அந்தக் குறை தீராது.

படம் பிடிக்கும்போது இது தேவையே இல்லை. கமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் ஓரத்தில் பொடித் திருகு ஒன்று இருக்கும். தொழிலில் இருக்கும் பலரே அதைத் தொட்டதில்லை. உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை அதைச் சுற்றிவிட்டால் வெறுங்கண்ணோடு படம் பிடிக்கலாம்.

எனக்குள்ள பெரிய தொல்லை வேறு. லாச்சியைத் திறக்கும் மனைவி ஊசியில் நூல் கோக்க இந்தக் கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணுக்குத் திருகிவிடுகிறாள். என் அளவில் நகப்பூச்சுப் புள்ளி வைத்தேன். மறுநாள் பக்கத்தில் அவள் புள்ளியும் இருந்தது.