சதவீதமா, புள்ளியா?

கடலூர் முதுநகரில் இருக்கும் என் பெரியப்பாவின் காலைப் பார்த்துவிட்டு மருத்துவக் குழு எழுதியது 35 சதவீத ஊனம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். அவரால் இனி வலை இழுக்க முடியாது என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. நம் முறை உடலை அளக்கிறது, பிழைப்பை அளப்பதில்லை.

ஒருவரால் வேலை செய்ய முடியுமா என்று பார்க்க பிரிட்டன் 2008-இல் கொண்டுவந்த மதிப்பீடு வேறு மாதிரி. நடந்தோ சக்கர நாற்காலியிலோ 50 மீட்டருக்கு மேல் நிற்காமல் போக முடியாதவருக்கு 15 புள்ளி. அது போதும், உதவித்தொகைக்குத் தகுதி வந்துவிடும். என்னைக் கேட்டால் கேள்வி இதுதான் சரி. ஆனால் அங்கே நேர்மை வேறு இடத்தில் உடைந்தது. ‘வேலைக்குத் தகுதி’ என்று முடிவான பிறகு, 2011 டிசம்பர் முதல் 2014 பிப்ரவரி வரை 2,380 பேர் இறந்திருந்தார்கள். தகவல் ஆணையர் உத்தரவிட்ட பிறகுதான், 2015-இல், அரசு அந்த எண்ணை வெளியிட்டது. மதிப்பீட்டால்தான் இறந்தார்கள் என்று அந்த எண் சொல்லவில்லை. சரி, அப்படியானால் ஏன் அவ்வளவு நாள் தர மறுத்தார்கள்?

இங்கே பெரியப்பா, 35 எப்படி வந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறார். 30 நாளில் பதில் தர வேண்டும்.