முதலில் எதைப் படிப்பது: ஃப்ளோரிடாவின் ஆவிகளா, மொன்டானாவின் ரத்தக் காட்டேரியா?

சித்தி மகள் போன மாதம் கேட்டாள்: "அண்ணா, திகில் நாவல் ஒன்றுதான் வாங்கப் போகிறேன். நீங்கள் ஓயாமல் பேசுகிறீர்களே, அந்த இரண்டில் எதை வாங்கட்டும்?" இரண்டும் தடித்த புத்தகங்கள், விலையும் அதிகம். சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கோடு போட்டு வைத்திருந்த பக்கங்களை மீண்டும் புரட்டிய பிறகே எனக்கே தெளிவு வந்தது.

ஒன்று, டானானரீவ் டியூவின் ‘தி ரிஃபார்மட்டரி’. 2023இல் வந்தது. இன்னொன்று, ஸ்டீபன் கிரஹாம் ஜோன்ஸின் ‘தி பஃபலோ ஹன்டர் ஹன்டர்’. 2025இல் வந்தது. முன்னதில் ஆவிகள், பின்னதில் ரத்தக் காட்டேரி. இரண்டுமே நிஜமாக நடந்த கொலைகளின் மேல் நிற்கும் கதைகள். அப்படிப்பட்ட நாவலை எடுத்தாலே எனக்கு ஒரு பதற்றம் இருக்கும். செத்தவர்களின் துயரத்தை எடுத்து, நம்மை ஒரு ராத்திரி பயமுறுத்திவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பதற்றம். அதனால் நான் பார்த்தது ஒன்றைத்தான்: இந்தப் பேய், மண்ணுக்குள் கிடக்கும் அந்த மனிதர்களை நம் கண்ணுக்குக் காட்டுகிறதா, மறைக்கிறதா?

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து மரியான்னா ஊரில் 1900இல் ஒரு சிறுவர் சீர்திருத்தப் பள்ளி தொடங்கியது. பின்னாளில் டோசியர் பள்ளி என்று பெயர் பெற்று, 2011 வரை நடந்தது. அடி, சித்திரவதை, காணாமல்போன பிள்ளைகள் என்று அதன் கதை நீளும். வளாகத்து இடுகாட்டில் நின்றவை 31 சிலுவைகள். தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டியபோது கிடைத்தவை 55 புதைகுழிகள். டியூவுக்குத் தாய்வழியில் தாத்தா முறையாக வேண்டிய ராபர்ட் ஸ்டீபன்ஸ் 1937இல் அங்கேதான் இறந்தார். வயது 15. அப்படி ஓர் உறவினர் இருந்ததே டியூவுக்குத் தன் தாயின் மறைவுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அந்தப் பெயரையே நாயகனுக்கு வைத்திருக்கிறார். நாவலின் ராபர்ட் ஸ்டீபன்ஸ், ராபி, 12 வயதுக் கறுப்பினச் சிறுவன். ஆண்டு 1950, ஊர் கிரேஸ்டவுன். அக்கா குளோரியாவிடம் ஒரு வெள்ளைக்காரப் பண்ணையார் வீட்டுப் பையன் வம்பு செய்கிறான். ராபி அவனைக் காலால் ஒரு உதை விடுகிறான். ஒரே ஒரு உதை. நம் தெருவில் நடந்திருந்தால் இரண்டு வீட்டு அம்மாக்களும் வாசலுக்கு வந்து சத்தம் போட்டு, அந்தி சாய்வதற்குள் அடங்கிப் போயிருக்கும். இங்கே நீதிபதி ஆறு மாதம் என்கிறார். அந்த ஆறு மாதம் என்ற சொல் வந்ததிலிருந்து நாம் நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

ராபிக்கு ஆவிகள் கண்ணுக்குத் தெரியும். பள்ளியில் தீயில் கருகிச் செத்த சிறுவர்கள் இருட்டில் வந்து நிற்கிறார்கள். ஆனால், என் கை நடுங்கியது அவர்கள் வந்தபோது இல்லை. கண்காணிப்பாளர் ஹேடக் அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும்தான். ராபியின் இந்தத் திறமையை அறிந்துகொண்டு, ஆவிகளைப் பிடித்துத் தரும் வேலையை அவன் தலையில் கட்டுகிறான் ஹேடக். இறந்த பின்பும் அந்தப் பிள்ளைகளுக்கு விடுதலை இல்லை. அவர்களைப் பிடிக்க இன்னொரு பிள்ளையையே வேட்டை நாயாக்குகிறார்கள். படித்து முடித்து மாதங்கள் ஆன பிறகும் இது என் தொண்டையில் நிற்கிறது.

வெளியே குளோரியா அலைகிறாள். வக்கீல், நீதிபதி, தெரிந்தவர், தெரியாதவர் என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்குகிறாள். உள்ளே தம்பி, வெளியே அக்கா என்று அத்தியாயங்கள் மாறி மாறி வரும். இந்தப் பின்னல்தான் நாவலின் பலம். பலவீனமும் இதிலேயே இருக்கிறது. நடுவில் குளோரியாவின் அலைச்சல் ஒரே தடத்தில் சுற்றுகிறது. நூறு பக்கம் குறைத்திருந்தால் கத்தி இன்னும் கூராகியிருக்கும். ஹேடக்கும் துளி நல்லதும் இல்லாமல் தீட்டப்பட்ட வில்லன். அவனைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்ப் பேரப் பிள்ளைகளைக் கொஞ்சியவர்கள் என்பதையும் காட்டியிருந்தால் எனக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும். திகில் எழுத்துக்கான பிராம் ஸ்டோக்கர் விருது, உலக ஃபேன்டஸி விருது இரண்டையும் வென்ற நூல் இது. விருதுகள் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கின்றன.

ஜோன்ஸின் நாவலுக்குள் நுழைவது இவ்வளவு எளிது இல்லை. 2012இல் ஒரு பழைய வீட்டுச் சுவருக்குள்ளிருந்து ஒரு நாட்குறிப்பு கிடைக்கிறது. எழுதியவர் ஆர்தர் போகார்ன், மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியில் 1912இல் லூத்தரன் போதகராக இருந்தவர். அவருடைய தேவாலயத்துக்கு ஞாயிறுதோறும் பிளாக்ஃபீட் என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்து மனிதன் ஒருவன் வருகிறான். பெயர் குட் ஸ்டாப். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தன் வாழ்க்கையைப் பாவ அறிக்கையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறான். அதே நாட்களில் ஊருக்கு வெளியே புல்வெளியில் தோலுரிக்கப்பட்ட பிணங்கள் கிடைக்கின்றன, ஒரு காலத்தில் காட்டெருமைகள் கிடந்ததைப் போல.

இதன் அடியில் இருக்கும் நாள் 1870 ஜனவரி 23. மொன்டானாவின் மரியாஸ் ஆற்றங்கரையில், உறைபனிக் காலையில், அமெரிக்க ராணுவத்தின் மேஜர் யூஜின் பேக்கரின் படை ஒரு பிளாக்ஃபீட் முகாமைத் தாக்கியது. அவர்கள் தேடி வந்தது வேறொரு தலைவனின் முகாமை. தாக்கியது ஹெவி ரன்னர் என்ற சமாதானத் தலைவரின் முகாமை. பாதுகாப்புக்கு அரசு தந்திருந்த காகிதத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆண்களில் பெரும்பாலோர் வேட்டைக்குப் போயிருந்தார்கள், முகாமில் பெரியம்மை. ராணுவமே சொன்ன கணக்கு 173 பேர், பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். யாருக்கும் தண்டனை இல்லை. ஜோன்ஸ் பிளாக்ஃபீட் இனத்தவர். இந்த நாளைச் சொல்ல அவர் தேர்ந்தெடுத்தது காட்டேரிக் கதையை.

அந்தக் காட்டேரிக்கு அவர் வைத்திருக்கும் விதியைப் பாருங்கள். எதன் ரத்தத்தைக் குடிக்கிறானோ, மெல்ல மெல்ல அதுவாகவே குட் ஸ்டாப் மாறுவான். மான் ரத்தமே குடித்துக்கொண்டிருந்தால் தலையில் கொம்பு முளைக்கும். வெள்ளைக்காரர்களின் ரத்தத்தையே குடித்துவந்தால் முகத்தில் தாடி வளரும். அப்படியானால் தன் இனத்தானாகவே இருக்க ஒரே வழி? தன் சொந்த மக்களைக் குடிப்பது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன். தான் யார் என்பதைக் காப்பாற்றிக்கொள்ள, தன்னவர்களையே விலையாகக் கொடுக்க வேண்டிய நிலை. பஞ்சமும் அம்மையும் துப்பாக்கியும் சேர்ந்து அந்த மக்களை நெருக்கி நிறுத்திய மூலை அது. கட்டுரையில் பத்துப் பக்கம் எழுதினாலும் உறைக்காததை ஒரு பசி சொல்லிவிடுகிறது. அண்மைக்காலத் திகில் இலக்கியத்தில் இதைவிடச் சிறந்த கற்பனையை நான் படிக்கவில்லை.

அவன் பேசும் மொழி வேறு. காட்டெருமை அவன் வாயில் கருங்கொம்பு, வெள்ளைக்காரன் நாப்பிக்வான். நாம் யானையைக் கொம்பன் என்கிறோமே, அதுபோல விலங்கோடு கூடவே வாழ்ந்தவன் வைத்த பெயர்கள். அகராதி எதுவும் கிடையாது. முதல் அறுபது எழுபது பக்கங்கள் திணறத்தான் வேண்டும். பிறகு ஒரு கட்டத்தில் நமக்கே ‘எருமை’ என்ற சொல் அந்நியமாகிவிடும். போதகரின் பூச்சு நிறைந்த நடையும் இவனுடைய வெட்டுவெட்டான பேச்சும் மாறி மாறி வரும்போது, கேட்பவர் ஏன் இவ்வளவு நிலைகுலைகிறார் என்று சந்தேகம் கிளம்பும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

குறையும் உண்டு. நாட்குறிப்பைப் படிக்கும் 2012ஆம் ஆண்டுப் பெண்ணின் பகுதிக்கு வந்ததும் நாண் தளர்கிறது. கடைசி ஐம்பது பக்கங்களில் நடப்பவை, அதற்கு முன் கட்டி எழுப்பிய கனத்துக்கு ஈடாகவில்லை.

இனி நேருக்கு நேர் வைத்துச் சொல்கிறேன். பயம் என்று கேட்டால், டியூ. ஒரு பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பயத்துக்கு முன்னால் எந்தக் காட்டேரியும் நிற்காது. குட் ஸ்டாப்பைக் கொல்லவே முடியாது என்பதால் அவனுக்காக நாம் பயப்படுவதில்லை, துக்கப்படுகிறோம். கலை என்று கேட்டால், ஜோன்ஸ், கேள்வியே இல்லை. டியூவின் ஆவிகள் பாதிக்கு மேல் கதையை நகர்த்தும் கருவிகளாகிவிடுகின்றன. ஜோன்ஸின் காட்டேரியைக் கதையிலிருந்து பிய்த்து எடுக்க முடியாது. செத்தவர்களுக்கு நியாயம் செய்வது என்ற என் பழைய கேள்விக்கு இருவரும் இரண்டு பதில் தருகிறார்கள். டியூ, 1937இல் பிழைக்காத ஒருவரின் பெயரை எடுத்து, இன்னொரு வாழ்க்கையைக் கற்பனையில் தந்து பார்க்கிறார். அது ஒரு பேத்தியின் அன்பு. ஜோன்ஸ் ஆறுதலே தருவதில்லை. பழிவாங்கப் புறப்பட்டவன் யாராக மாறிப்போகிறான் என்பதை முகத்தைத் திருப்பாமல் பார்க்க வைக்கிறார்.

இதே வரிசையில் இன்னும் இரண்டைப் படித்தேன். கிரேடி ஹென்ட்ரிக்ஸின் ‘விட்ச்கிராஃப்ட் ஃபார் வேவர்ட் கேர்ள்ஸ்’, 1970இல் திருமணமாகாமல் கருவுற்ற சிறுமிகளை ஒளித்துவைக்கும் ஒரு ஃப்ளோரிடா விடுதியின் கதை. மந்திரக் காட்சிகள் சுமார். பிரசவக் காட்சிகள் ரத்தத்தை உறைய வைக்கும். விக்டர் லாவாலின் ‘லோன் விமன்’, 1915இல் பூட்டிய டிரங்குப் பெட்டியோடு மொன்டானாவுக்குத் தனியாக நிலம் தேடி வரும் ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை. பெட்டிக்குள் என்ன என்பதைவிட, அதைச் சுமக்கும் அவளுடைய வெட்கமே நெருடும். வார இறுதி மட்டுமே கையில் இருந்தால் இதை எடுக்கலாம், அளவில் சிறியது. ஆனால் பின்பாதியில் ஆள்களும் சம்பவங்களும் நெரிசலாகிவிடுகின்றன.

சித்தி மகளுக்கு ‘தி ரிஃபார்மட்டரி’யை வாங்கச் சொன்னேன். என் அலமாரியில் கை எட்டும் தட்டில் இருப்பது ஜோன்ஸ்தான். இரண்டாம் முறை படிக்கப் போவதும் அதைத்தான். ஆனால் முதல் புத்தகமாக அதைத் தந்தால் அறுபதாவது பக்கத்தில் வைத்துவிடுவாள் என்று தோன்றியது. பத்து நாள் கழித்து இரவு பதினொன்றரைக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது: "பேயெல்லாம் பரவாயில்லை அண்ணா. அந்தப் பையன் வீடு திரும்புவானா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்."